சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டில்

என் பிரியமான மாமாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீங்கள் நலமாக இருந்திருந்தால் நான் ஏன் பேனா எடுக்கப் போகிறேன்? வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டு எழுந்து வந்து, முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது.

நாலு மாதமாக எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்கிறார்கள். இந்த மலையில் பாம்பு கடித்தாலும் பிரசவ வலி வந்தாலும் வேடியப்பன் வண்டிதான் என்கிறார்கள். உன் புருஷன் தங்கமான மனுஷன் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஒருவராவது, “அவரு ரொம்ப அழுத்தக்காரரும்மா, வாயைத் தொறந்து ஒரு விஷயம் சொல்லமாட்டாரு” என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் மாமா. நாலு பேர் படிக்கட்டும்.

முதல் கோபத்தை முதலில் சொல்கிறேன். ஆவணி மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு நான் வந்தபோது நீங்கள் நம் வாடகைக் காரின் பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கையில் பனியன் துணி. முன் பம்பர் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. பின் பம்பரில் பாதி துடைத்திருந்தது, பாதி புழுதி. தூங்குகிறீர்கள் என்று நினைத்து, “மாமா, உள்ள வந்து படுங்க” என்று சொன்னேன். இரண்டாவது தடவையும் சொன்னேன்.

பக்கத்து வீட்டு ராஜம்மா பிறகு சொன்னாள். ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் ஒரு கேஸை இறக்கிவிட்டு வந்தபோதே உங்களுக்கு வியர்த்துக் கொட்டியதாம். “மாரு ஒரு மாதிரி வலிக்குது, தண்ணி குடு” என்றீர்களாம். “உள்ள போய் படு அண்ணே” என்று அவள் சொன்னதற்கு, “வண்டியத் தொடைச்சிட்டுப் போறேன்” என்றீர்களாம். அதென்ன பழக்கம்? எங்கே போய்விட்டு வந்தாலும் பம்பரையும் கதவோரத்து மின்னுகிற பட்டையையும் கண்ணாடி ரப்பரையும் துடைக்காமல் வீட்டு வாசற்படி ஏறமாட்டேன் என்று யாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தீர்கள்? ஊரில் யாருக்கு நெஞ்சு வலி என்றாலும் ஒரு மணி நேரத்தில் மலையை விட்டு இறக்கிய மனுஷன், தன் நெஞ்சு வலிக்கும்போது அரை மணி நேரம் பம்பர் துடைத்தீர்கள்.

அந்தப் பாதிப் பம்பரைப் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. வண்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரியம் முடிந்த மறுநாள் வண்டிச் சாவியை உங்கள் தம்பி மாணிக்கத்திடம் கொடுத்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் உங்கள் பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் துவைத்து மடித்த இரண்டு பனியன் துணி, காலியான ஒரு மெழுகு டப்பா, பெயர்க் காகிதம் இல்லாத ஒரு பழுப்புப் பாட்டில். பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு ஏதோ பாகுபோல் கெட்டியாக இருந்தது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஏதோ மிஷின் எண்ணெய் என்று நினைத்து வாழைமரத்தடியில் கொட்டினேன். பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி, விளக்குக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டேன். கையெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. என்ன ஏது என்று யோசிக்கிற நிலையிலா இருந்தேன்?

ஒரு தடவை நீங்கள் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்துத் துணியில் நனைத்துக்கொண்டிருந்தபோது அது என்ன என்று கேட்டேன். “வண்டி விஷயம் உனக்கு எதுக்கு?” என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது. உங்களிடம் கேட்டுக் கிடைக்காமல் போனது எனக்குப் புதிதா? வாணியம்பாடிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு குடை, ரேடியோவுக்கு பேட்டரிக் கட்டை, குதிகால் வெடிப்புக்கு ஒரு பாட்டில் கிளிசரின் என்று சொல்லி அனுப்புவேன். வெறுங்கையோடு வந்து, “மறந்துட்டேன் புள்ள” என்பீர்கள். ஆலங்காயத்தில் பிறந்தவளுக்கு இந்த மலைக் குளிர் காலைப் பிளக்கிறது என்று அழுதால், “மலையில பொறந்தவங்களுக்கும்தான் வெடிக்குது, வேப்பெண்ணெய் பூசு” என்பீர்கள். எட்டு மார்கழி வேப்பெண்ணெய் பூசினேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

மாணிக்கம் நன்றாகத்தான் ஓட்டுகிறான். வளைவுகளில் உங்களை விடவும் நிதானம். ஆனால் உங்களைப் போல வண்டி பளபளக்கவில்லை என்று ஜனங்கள் அவன் காதுபடவே பேசினார்கள். அவன் மரலாரிக்காரர்களிடம் கேட்டான். டீசலில் துணியை நனைத்துக் கறுப்பு இடமெல்லாம் தேய் என்றார்கள். தேய்த்தான். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர், கதவு ரப்பர் எல்லாம் அன்றைக்கே புதிதாக வாங்கினது மாதிரி கன்னங்கரேல் என்று ஆனது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. தினமும் காலையில் டீசல் போட்டான்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. வருஷம் திரும்பாத வீடு, நான் பூஜை போடக்கூடாது. ராஜம்மாவும் நாலைந்து பெண்களும் வந்து நின்றார்கள். “வூட்டுக்குத்தானே தீட்டு? வண்டிக்கு இன்னா தீட்டு? அது ஊருக்குப் பொதுவு” என்றார்கள். கோயில் மணியையும் குத்துவிளக்கையும் துலக்குகிற மாதிரி பம்பரைத் துலக்கிவிடுகிறோம் என்றார்கள். நம் மரத்துப் புதுப்புளியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன் மாமா. கல்லுப்பும் செங்கல் தூளும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பம்பரிலும் பக்கத்துப் பட்டைகளிலும் அப்பினார்கள். வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டு மாவிளக்கு இடிக்கப் போனார்கள். சாயங்காலம் கழுவினோம். அந்த நேரத்துக்கு ஜொலித்தது. அந்த ஜொலிப்பைப் பார்த்து எல்லோரும் குலவை போட்டார்கள்.

மூன்றாம் நாள் பம்பர் முழுக்கப் பழுப்புப் புள்ளி. பித்தளைக்குச் செய்ததை அப்படியே இதற்குச் செய்திருக்கிறோம். உப்பும் புளியும் இரும்பின் மேலிருந்த குரோம் பூச்சின் நுணுக்கமான ஓட்டைகளுக்குள் இறங்கித் துருவைக் கிளப்பிவிட்டன. செங்கல் தூள் கீறின கோடு தனி. ஊர் கூடி ஆசையாகக் கெடுத்தோம். யாரைத் திட்டுவது?

ஐப்பசி மழையில் மற்றது தெரிந்தது. புதூர்க்காரர் மகளைப் பிரசவத்துக்கு இறக்குகிறபோது முன்கண்ணாடியின் இடது மூலையிலிருந்து தண்ணீர் அவள் மடியிலேயே சொட்டியிருக்கிறது. வளைவில் திரும்பும்போதெல்லாம் கண்ணாடி கடகடவென்று ஆடியதாம். மாணிக்கம் ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு கையால் கண்ணாடியும் பிடித்துக்கொண்டு ஓட்டினானாம். மூலை ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். ஊறிப்போன பணியாரம் மாதிரி உப்பி, கிள்ளினால் கையோடு வந்தது.

விஷயம் தெரிந்து ஆலங்காயத்து புரோக்கர் வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். “மார்கழியில எஃப்.சி., வண்டித் தகுதிச் சோதனை, வருதும்மா. இந்தக் கண்ணாடியோட பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணமாட்டாரு. பாஸ் ஆவலன்னா வாடகைக்கு ஓட்ட முடியாது. பொம்பளை நீங்க இத வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போறீங்க? குடுத்துடுங்க” என்றார்.

மாணிக்கமும் தரையைப் பார்த்துக்கொண்டு, “வித்துடலாம் அண்ணி” என்றான்.

எனக்கு அந்த வண்டியைப் பிடிக்காது மாமா. உங்களை என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட வண்டி அது. விற்றுவிட்டால் நிம்மதி என்று நானே பல நாள் நினைத்ததுண்டு. ஆனால் வேறொருத்தர், “பொம்பளை இன்னா பண்ணப் போறீங்க” என்று கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது. புதூர்க்காரர் மகளுக்குப் பிறந்த குழந்தையை அந்த வாரம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த பிரசவத்துக்கு இந்த மலையில் எந்த வண்டி வரும்? “எஃப்.சி. முடிஞ்சு பேசலாம்” என்று புரோக்கரை அனுப்பிவிட்டேன். மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“விக்கணும்னுதான் டீசல் போட்டுக் கெடுத்தியா தம்பி? உண்மையச் சொல்லு.”

அவன் அழுதுவிட்டான். அவ்வளவு பெரிய ஆள், மீசை வைத்தவன். “அண்ணன் இருந்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே தெரியணும்னுதான் அண்ணி போட்டேன். இன்னா போடணும்னு அண்ணன் எனக்கும் சொல்லலியே” என்றான்.

தம்பிக்கும் சொல்லவில்லை, பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. யாருக்குச் சொல்லத்தான் வைத்திருந்தீர்கள்?

மறுநாள் சத்துணவுக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு மஞ்சள் பையில் அந்த மூலை ரப்பரைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவர். ரப்பரைப் பார்த்துவிட்டு, “மீன் எண்ணெய் பூசுங்கக்கா, தோலுக்குப் போட்டா எவ்ளோ வருஷம் ஆனாலும் கெடாது. இதுவும் தோலு மாதிரிதானே” என்றார். கண்டக்டர் ஷூ பாலிஷ் போடச் சொன்னார். பின் சீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் என்றார். வாணியம்பாடி போய்ச் சேர்வதற்குள் கைவசம் எட்டு வைத்தியம் இருந்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய் அந்தத் துண்டை மூக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார். “டீசல். அட அல்லாவே, ரப்பர்ல எண்ணெய்ச் சமாச்சாரம் எதுவுமே படக்கூடாதும்மா. டீசலு, மண்ணெண்ணெய், மீன் எண்ணெய், தேங்காய் எண்ணெய், எல்லாம் ஒண்ணுதான். அப்போதைக்குக் கறுப்பா காட்டும், உள்ளுக்குள்ள ஊதிப்பூடும். ஷூ பாலிஷ் போட்டா ஏறி எறங்குறவங்க துணியெல்லாம் மை” என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “இது யாரு வண்டி?”

சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். வண்டியை நீங்கள் தோல் மண்டி முதலாளியிடம் வாங்கின நாளிலிருந்து தெரியுமாம். நீங்கள் போன செய்தி அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

“ஊதின ரப்பர் திரும்பாது. முன்கண்ணாடிக்கு புது ரப்பர் பீடிங் போடுங்க. கதவு ரப்பர் பொழைச்சிக்கும், சோப்புத் தண்ணியில கழுவிட்டு அவரு பூசுறதையே பூசுங்க” என்றார். “பம்பருக்கு, சிகரெட் பாக்கெட் உள்ள வெள்ளித் தாள் இருக்குமே, அதைத் தண்ணியில நனைச்சு மெள்ளத் தேயுங்க. புள்ளி போவும். அப்புறம் மெழுகு. உங்க வூட்டுக்காரரு எங்கிட்ட மெழுகு மட்டும்தான் வாங்குவாரு.”

“ரப்பருக்கு அவர் பூசினது இன்னாதுங்க பாய்?”

“அது எங்கிட்ட கிடைக்காதும்மா. எதிர்ல மெடிக்கல்ல வாங்குவாரு.”

ரோட்டைக் கடந்தேன். மெடிக்கலில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். மலையிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிற வேடியப்பன், மாதா மாதம் என்ன வாங்குவார் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “கிளிசரின்தானே? நீங்க அவரு வூட்டம்மாவா?” என்று எழுந்துபோய் ஒரு பாட்டில் எடுத்து வந்து வைத்தார். பழுப்புப் பாட்டில். இதில் பெயர் ஒட்டியிருந்தது.

பாட்டிலைக் கையில் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்:

“பாவம், வூட்ல குதிகால் வெடிப்புல நடக்கவே முடியலன்னு ஒவ்வொரு தபாவும் சொல்லித்தான் வாங்கிட்டுப் போவாரு. இப்ப கால் எப்டிம்மா கீது?”

மாமா, அந்தக் கடை வாசலில் நான் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காருக்குப் பூச மருந்துக் கடையில் வாங்குகிறேன் என்று சொல்ல வெட்கம். அதற்கு என் காலை இழுத்திருக்கிறீர்கள். மாதம் தவறாமல் என் குதிகாலுக்கென்று வாங்கி, மாதம் தவறாமல் கண்ணாடி ரப்பருக்குப் பூசிவிட்டு, என்னிடம் வந்து “மறந்துட்டேன் புள்ள” என்றிருக்கிறீர்கள். எட்டு மார்கழி! பெயர்க் காகிதத்தை ஏன் கிழித்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன் என்று பயம். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் காலில் தடவினால் உங்கள் வண்டி தேய்ந்தா போய்விடும்?

“நல்லாயிருக்குங்க” என்று அவரிடம் சொன்னேன். வேறு என்ன சொல்ல? செத்துப்போன மனுஷனைப் பொய்யன் என்று கடைத்தெருவில் காட்டிக்கொடுக்க முடியுமா? செருப்புக்குள் வெடிப்பு விண்விண் என்று தெறிக்க, நல்லாயிருக்கு என்று சொன்னேன். இரண்டு பாட்டில் கேட்டு வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆலங்காயம் வரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்ட பிறகுதான் அழுதிருக்கிறேன் என்று தெரிந்தது.

வந்ததும் முதல் வேலையாக டீசல் டின்னைத் தூக்கி வீட்டுக்கு வெளியே வைத்தேன். மாணிக்கத்தின் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை நானே எடுத்து வெள்ளித் தாளை உருவினேன். அவன் சிகரெட்டே பிடிப்பதில்லை என்பது ஊரறிந்த பொய். அதுவும் அன்றைக்கு உடைந்தது. இரண்டு பேரும் ஒரு வாரம் தேய்த்தோம். பழுப்புப் புள்ளி பெரும்பாலும் போனது. செங்கல் கோடுகள் போகவில்லை, அது இருக்கட்டும். மெழுகு பூசித் துடைத்தேன். புது பீடிங் மாட்டினோம். கதவு ரப்பரைக் கழுவிக் காயவைத்து, கிளிசரினில் கொஞ்சம் தண்ணீர் கலந்து துணியில் தொட்டு நானே பூசினேன். பளபளவென்று கறுக்கவில்லை. அமைதியான ஒரு கறுப்பு, உங்கள் காலத்தில் இருந்த அதே கறுப்பு. அதைப் பார்த்து மாணிக்கம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பின் பம்பரில் நீங்கள் துடைக்காமல் விட்ட பாதியைக் கடைசியாகத் துடைத்தேன். அந்த இடத்தில் மட்டும் கை ஓடவில்லை.

போன வாரம் திருப்பத்தூரில் எஃப்.சி. நடந்தது. நானும் கூடப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் தட்டினார், மூலை ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினார், கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தார்.

“பழைய வண்டிக்கு ரப்பர் இவ்ளோ நல்லா இருக்குதே, யாரு பாத்துக்கிறது?”

“நான்தாங்க.”

“இன்னா போடறீங்க?”

மாணிக்கம் என்னைப் பார்த்தான். நான் சத்தமாகவே சொன்னேன். “கிளிசரின்ங்க. மெடிக்கல்ல கிடைக்கும். டீசல் போடக்கூடாது, புளி போடக்கூடாது.” வரிசையில் நின்ற நாலைந்து டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பீடிக் கட்டின் மேல் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பாஸ் ஆகிவிட்டது மாமா. புரோக்கருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று.

கோபம் தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? தீரவில்லை. கிளிசரினுக்காக இருந்த கோபம் வேண்டுமானால் ஒருநாள் சிரிப்பாகிவிடும். ராஜம்மாவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆவணி மத்தியானம் இருக்கிறதே, அந்த அரை மணி நேரம், அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கிப் பூசுவது? துடைத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவரை நான் எங்கே போய்க் கூப்பிடுவது?

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வண்டி மலையில் ஓடும். பம்பருக்கு மெழுகு, ரப்பருக்குக் கிளிசரின், அதில் குறை இருக்காது. என்ன பூசுகிறோம் என்று பாட்டிலில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன், யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிவிட்டேன். சவாரி முடிந்து வந்தால் மாணிக்கம் முதலில் வீட்டுக்குள் வர வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், என் கண் முன்னால் கால் மணி நேரம் உட்கார வேண்டும். அதுவரைக்கும் வண்டி புழுதியோடு நிற்கும். நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டாவது பாட்டில் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. மார்கழி பிறந்து பாதி போய்விட்டது. இன்னும் திறக்கவில்லை. இன்றைக்கு இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு திறக்கப் போகிறேன். அடுத்த தடவை அந்த மெடிக்கல்காரர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லாயிருக்கு என்று நான் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். நீங்கள் மாதா மாதம் சொன்ன பொய்யை நான் மெய்யாக்கிவிடுகிறேன் மாமா.

இன்னும் கோபத்தோடுதான்,
வெடித்த குதிகால்காரி,
உங்கள் பெண்டாட்டி செல்வி.